மராத்தி மாதிரிதான்

ஜூன் 3, திங்கள்

நேற்று மாயிக்கு மாதப் பூசை. மங்களூர்க் கொங்கணிக் கிறிஸ்தவர்கள் வீட்டில் அம்மாவுக்கு மாயி என்றுதான் பெயர். பாதிரியார் அரை மணி நேரம் தமிழில் பிரசங்கம் வைத்தார். இறந்தவளுக்குத் தமிழ் வராது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் உபேந்திர பை நிற்கிறார். கொங்கணிச் சங்கத்தின் செயலாளர், எழுபத்திரண்டு வயது, கொச்சிப் பக்கத்துக்காரர். துக்கம் கேட்க வந்தவர் கையில் ஒரு ஃபைல்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. ஆகஸ்ட் இருபது நம்ம பாஷையை அரசியல் சட்டத்துல சேர்த்த நாள். அன்னிக்குத் தமிழ்ல சின்னதா ஒரு புத்தகம் போடணும்னு கமிட்டியில முடிவாயிடுச்சு. கொங்கணியைப் பத்தி ஜனங்க நம்பிக்கிட்டிருக்கிற பத்துக் கட்டுக்கதை, பத்துக்கும் பதில். இங்கிலீஷ்ல ரெடி. தமிழ் டீச்சர்னு சங்கத்துல நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க."

அவர் பேசும் கொங்கணி வேறு, எங்கள் கொங்கணி வேறு. அதனால் கொங்கணியைக் காப்பாற்றுவதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் தமிழில்தான் பேசிக்கொள்வோம். ஃபைலை வாங்கிக்கொண்டேன். கைக்கு வேலை இருந்தால் நல்லதுதான்.

தம்பி வால்டர் இன்று விடியற்காலையில் பஹ்ரைனுக்குக் கிளம்பிவிட்டான். டாக்ஸியில் ஏறப் போனவன் திரும்பி வந்து, "கடைசியில மாயி ஏதாவது சொன்னாளா, ஜெசி?" என்று கேட்டான். ஒரு மாதமாக இதையே கேட்கிறான். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கண் திறக்கவில்லை. அதற்கு முன்னால் அவள் இருந்த முதியோர் இல்லத்தில் அவள் பேச்சு புரிகிற ஆள் யாரும் இல்லை. "விசாரிச்சுச் சொல்றேன்டா" என்றேன்.

ஜூன் 6, வியாழன்

பின்னாலிருந்து ஆரம்பித்தேன். பத்து, கொங்கணி போர்ச்சுகீசியர் விட்டுப்போன மொழி. ஒன்பது, கோவாவில் மட்டும் பேசுவது. எட்டு, கிறிஸ்தவர்களின் மொழி. ஏழு, எழுத்தே இல்லாத மொழி. அந்த ஏழாவதற்குப் பதில், ஐந்து எழுத்துகளில் எழுதுகிறோம் என்பது. தேவநாகரி, ரோமன், கன்னடம், மலையாளம், அரபி. நான் கொங்கணியை அந்த ஐந்தில் எதிலும் எழுதியதில்லை. கொங்கணியில் யோசித்துத் தமிழில் எழுதுகிறவள்.

மொழிபெயர்ப்பு மும்முரத்தில் அரிசி ஊறப்போட மறந்துபோனேன். என் வீட்டுக்காரர் எட்வினுக்கு உப்புமா. பாவம், முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. யூனிஃபார்ம் புடவைக்குக் கஞ்சி போட்டேன். மூன்று மணி ஆனதும் கை தானாக ஃபிளாஸ்க்கைத் தேடியது. ஜனவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்றால் ஃபிளாஸ்க்கில் காபி, ஒரு பாக்கெட் பிஸ்கட், தாம்பரம் பக்கத்து இல்லத்துக்கு பஸ். அலமாரிக்குள் திருப்பி வைத்துவிட்டேன்.

அவளை அங்கே விட்டதற்குக் காரணம் இருக்கிறது. நவம்பரில் பாத்ரூமில் விழுந்தாள். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பகல் முழுக்க நான் பள்ளியில், எட்வின் கடையில். ஒரு நாள் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துபோனாள். எண்பத்து நான்கு வயது. எல்லாருமாக உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தோம். சுத்தமான இடம், கன்னியாஸ்திரீகள் நடத்துவது, வாசலில் வேப்பமரம். நான் ஒன்றும் அவளைத் தெருவில் விடவில்லை.

மாயிக்குக் கொங்கணியும் துளுவும்தான். வாழ்நாள் முழுக்க மங்களூர்ப் பக்கம் மூடுபித்ரியில் இருந்தவள். என்னை ஒன்பது வயதில் அப்பா படிக்கவைக்க பெரம்பூருக்குக் கூட்டி வந்தார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். வீட்டை விற்றபின் ஐந்து வருஷத்துக்கு முன்னால்தான் என்னிடம் வந்தாள். என் கொங்கணி இன்றைக்கும் ஒன்பது வயதுப் பிள்ளையின் கொங்கணிதான் என்று சிரிப்பாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "வயித்துப் புண்ணும்மா. ஓட்டை விழுந்து உள்ளே பரவிடுச்சு. இது ஒரே நாள்ல வர்றதில்ல, வாரக்கணக்கா வலி இருந்திருக்கும். ஒண்ணுமே சொல்லலியா?"

ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்பேன். ஒவ்வொரு ஞாயிறும், "பொரெம் ஆசா" என்பாள். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம்.

ஜூன் 16, ஞாயிறு

மாயியின் பையை எடுத்துக்கொள்ளச் சொல்லி இல்லத்திலிருந்து இரண்டு தடவை ஃபோன் வந்துவிட்டது. இன்று போனேன்.

மதர் பிரிஸில்லா பதிவேட்டைத் திறந்து கையெழுத்து வாங்கினார். வாங்கிவிட்டு, "ஒரு சந்தேகம், டீச்சர். அம்மாவோட தாய்மொழி மராத்தின்னு இருக்கு. அதனாலதான் தேடிப்பிடிச்சு துளஜா பாய் ரூம்ல போட்டோம். ஆனா ரெண்டு பேரும் பேசிக்கிட்டு நாங்க அதிகம் பார்த்ததில்ல" என்றார்.

"அவங்க பாஷை கொங்கணி, மதர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கொங்கணியா? செயின்ட் தாமஸ் மவுண்ட்ல எங்க மடத்துல ஒரு சிஸ்டர் இருக்காங்களே, மங்களூர்க்காரங்க. சொல்லியிருந்தா வாரம் ஒரு தடவை வந்து பேசிட்டுப் போயிருப்பாங்க."

"ஆஃபீஸ்ல தப்பா எழுதியிருப்பாங்க" என்றேன்.

துளஜா பாயைப் பார்த்தேன். தஞ்சாவூர் மராத்திக்காரர், எழுபத்தாறு வயது, வீட்டில் மராத்தி, வெளியில் தமிழ். மாயியின் கட்டிலுக்கு இன்னும் யாரும் வரவில்லை. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். "அம்மா கடைசியில ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார். அவருக்கு எங்கே புரிந்திருக்கப் போகிறது. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

ஒன்பது முடிந்தது. ஒன்று பாக்கி.

ஜூலை 7, ஞாயிறு

சங்கக் கூட்டம். இருபது பேர், இருபது அபிப்பிராயம். அட்டையில் எந்த எழுத்தில் பெயர் போடுவது என்று ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் தமிழ்ப் புத்தகத்துக்குத் தமிழே போதும் என்று யாரோ சொன்ன பிறகுதான் வடையும் காபியும் வந்தது.

பை சார் என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், முதல் கட்டுக்கதை எங்கே? அதுதானே முக்கியம்."

முதல் கட்டுக்கதை: கொங்கணி தனி மொழியே அல்ல, மராத்தியின் வட்டார வழக்கு.

"எழுதிடறேன் சார்."

"காட்டமா எழுதுங்க. வெளியாளுங்க சொன்னாக்கூடப் பரவாயில்ல. நம்ம ஆளுங்களே, கொங்கணின்னா என்னன்னு யாராவது கேட்டா, விளக்கச் சோம்பேறித்தனப்பட்டுக்கிட்டு 'மராத்தி மாதிரிதான்'னு சொல்லிட்டுப் போயிடறாங்க. அப்படிச் சொல்றவங்களைச் செருப்பால அடிக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சரி, எழுதித் தொலைக்கிறேன். ஜனவரி எட்டாம் தேதி. பள்ளியில் அரை நாள் பர்மிஷன் போட்டிருந்தேன். இல்லத்து ஆஃபீஸில் கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "தாய்மொழி?" கொங்கணி என்றேன். "அது என்னங்க? லிஸ்ட்ல வரலியே. தமிழ் இருக்கு, தெலுங்கு இருக்கு, மராத்தி இருக்கு." மதியம் இரண்டாவது பீரியட் பத்தாம் வகுப்புக்கு மாதிரித் தேர்வு. மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. "மராத்தி மாதிரிதான், அதையே போட்டுக்குங்க" என்றேன். 'மற்றவை' என்று ஒரு கட்டம் கீழே இருந்தது. அதைப் பார்த்தேன். அதில் கையால் எழுத வேண்டும், ஒரு ஃபாரம் அதிகம்.

மாயி பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பேசியது எதுவும் அவளுக்குப் புரியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ஒரு மாதமாகக் கட்டிலுக்கடியில் கிடந்த பையை எட்வின்தான் இழுத்து வெளியே வைத்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

இரண்டு ஸ்வெட்டர், ஜெபமாலை, கன்னட எழுத்தில் அச்சான கொங்கணி ஜெபப் புத்தகம், வால்டரின் கல்யாண ஃபோட்டோ. அடியில் ஒரு துண்டில் சுற்றி பிஸ்கட் பாக்கெட்டுகள். நான் வாங்கிப்போனவை. எட்வின் எடுத்து வரிசையாகத் தரையில் வைத்தார். பதினொன்று. ஒன்றையும் பிரிக்கவில்லை.

மொத்தம் பதினாறு ஞாயிறு போனேன். முதல் ஐந்து வாரம் தின்றிருக்கிறாள்.

"பிஸ்கட் அவளுக்கு அலுத்துப் போயிருக்கும்" என்றேன். "வேற ஏதாவது வாங்கிட்டுப் போயிருக்கணும்."

எட்வின் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. "ஜெசி, அவங்களால சாப்பிட முடியல" என்றார்.

நான் கீரையோடு எழுந்து உள்ளே போய்விட்டேன். அன்னன்னைக்கே அந்தப் பையைத் திறந்து பார்க்க எனக்கு என்ன கேடு. கிழவி தூங்குகிற நேரத்தில் ஒரு தடவை கையை விட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கணும் என்றே உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முதல் கட்டுக்கதைக்கு மூன்று தடவை எழுதி மூன்று தடவை கிழித்தேன். பை சார் கொடுத்திருக்கும் ஆதாரமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டும் ஒரு வழியில் வந்தவை, பொதுவான வார்த்தைகள் நிறைய, அதனால் ஒன்று மற்றதன் கிளை ஆகிவிடாது. சாகித்ய அகாதமி எழுபத்தைந்திலேயே தனி மொழியாக ஏற்றுக்கொண்டது. வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி எழுதிவிடலாம். 'பொதுவான வார்த்தைகள்' வரைக்கும் வருகிறேன், பேனா நின்றுவிடுகிறது.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலையில் பள்ளியில் கொடியேற்றம். இன்று மாதா விண்ணேற்புத் திருநாளும் கூட. மிட்டாய் டப்பாவோடு நேராக இல்லத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. துளஜா பாயைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

அவர் மெலிந்திருந்தார். மிட்டாயை வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்து மாயியின் கட்டிலில் உட்காரவைத்தார்.

"போன தடவை நான் உன்கிட்டப் பொய் சொல்லிட்டேம்மா. வாக்குக் குடுத்திருந்தேன், அதான். இப்போ அவங்க போயி மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. எனக்கும் மனசுல வச்சுக்கிட்டிருக்க முடியல."

என்னவென்று கேட்டேன்.

"மராத்தி பேசறவங்க வர்றாங்கன்னு சிஸ்டர் சொன்னதும் நான் நல்ல புடவை கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மூணு வருஷமா இங்க எங்க பாஷை பேச ஒரு ஆள் இல்ல. வந்தாங்க. நான் பேசப் பேச முழிக்கிறாங்க. அவங்க பேசினா எனக்கு நாலு வார்த்தைக்கு ஒண்ணுதான் பிடிபடுது. சரி, நம்ம விதின்னு விட்டுட்டேன். ஆனா மார்ச் மாசத்திலேர்ந்து தினம் சாயங்காலம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, என் கையையும் பிடிச்சுக்கிட்டு, ஒரே பேச்சைச் சொல்வாங்க. தினம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு."

சொன்னார். ஒரு எழுத்து பிசகாமல், மாயியின் இழுப்போடு சொன்னார்.

"பொட் துக்தா. மொஜ்யா துவெக் சாங்நாகா. திக்கா இஸ்கோல் ஆசா."

பிறகு அவரே விளக்கினார்.

"பொட் துக்தான்னா வயிறு வலிக்குது. எங்க பாஷையிலயும் கிட்டத்தட்ட அதேதான். சாங்நாகான்னா சொல்லாதே. அதுவும் புரிஞ்சுது. நடுவுல ஏதோ துவெக்குன்னு வரும், அது என்னன்னு தெரியல. கடைசியில ஸ்கூல்னு வரும். சின்ன வயசு ஞாபகம் போலன்னு நினைச்சேன். வலிக்குது, யாருக்கும் சொல்லாதேன்னு ஒரு பெரிய மனுஷி கையைப் பிடிச்சுக் கேக்கறப்போ என்ன செய்யறது? சரின்னு தலையாட்டிட்டேன். சிஸ்டர் வந்து, ஏன் சாப்பிடல, உடம்புக்கு ஏதாவதான்னு என்கிட்டக் கேப்பாங்க. டாக்டரும் மாசம் ஒரு தடவை வந்தாரு. நான் வாயே திறக்கல. குடுத்த வாக்கைக் காப்பாத்திட்டேன்."

அவர் சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

துவெக் என்றால் மகளிடம். என் மகளிடம் சொல்லாதே, அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அவ்வளவுதான் மாயி சொன்னது. சிஸ்டரிடம் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லாதே என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் யாராவது ஒரு மாத்திரை வாங்கித் தரமாட்டார்களா என்றுதான் தினமும் கேட்டிருக்கிறாள். மொத்தமும் புரியாமல் இருந்திருந்தால் இந்த அம்மாள் பயந்துபோய் அன்றைக்கே சிஸ்டரைக் கூப்பிட்டிருப்பார். மொத்தமும் புரிந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பார். மவுண்டிலிருந்து அந்த மங்களூர் சிஸ்டர் ஒரே ஒரு ஞாயிறு வந்திருந்தால் போதும்.

"அந்த துவெக்குன்னா என்னம்மா?" என்று கேட்டார்.

மாயியின் கட்டிலில் உட்கார்ந்து பொய் சொன்னேன். "யாருக்கும்னு அர்த்தம்."

"அப்போ நான் செஞ்சது சரிதானே?"

"சரிதாம்மா. நீங்க மட்டும்தான் அவங்க பேச்சைக் கேட்டிருக்கீங்க."

நல்ல புடவை கட்டிக்கொண்டு காத்திருந்தவரிடம் வேறு என்ன சொல்வது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிட்டாய் டப்பாவை எடுத்து ஒன்றை எனக்கே தந்தார். தின்றேன். கீழே வந்து ஆஃபீஸில் அந்தக் கிளார்க்கிடம், என் அம்மாவின் பதிவில் ஒரு திருத்தம் போடவேண்டும் என்றேன். "அம்மா தவறிட்டாங்களே மேடம், இப்ப எதுக்கு?" என்றார். பிடிவாதமாக நின்றேன். 'மற்றவை' கட்டத்துக்கு ஒரு ஃபாரம் கொடுத்தார். கையால் கொங்கணி என்று எழுதினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

முதல் கட்டுக்கதைக்குப் பதில் எழுதி பை சாருக்கு அனுப்பிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். ஒரே உட்காரலில் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

விழா. மேடையில் கொங்கணிப் பாட்டு, பேச்சு, பொன்னாடை. பை சார் மைக்கில் முதல் கட்டுக்கதையை முழுசாகப் படித்தார். 'இரு மொழிகளுக்கும் பொதுவான சொற்களை மட்டும் வைத்து ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிந்துவிட்டதாக நினைப்பது பெரும் தவறு' என்ற வரி வந்ததும் கைதட்டல். கீழே இறங்கி வந்து, "இந்த மாதிரிக் காட்டத்தைத்தான் நான் கேட்டேன் டீச்சர். எங்கேர்ந்து பிடிச்சீங்க?" என்றார்.

"பாடம் நடத்தி நடத்தி வந்துடுச்சு சார்" என்றேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

துளஜா பாய்க்கு ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பக்கத்துக் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. அடுத்த வாரமும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வந்ததும் வால்டர் கூப்பிட்டான். பிள்ளைகள், வெயில், விசா எல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகிற நேரத்தில் கேட்டான். "அந்த ரூம்ல இருந்த அம்மாகிட்ட விசாரிச்சியா, ஜெசி? மாயி ஏதாவது சொன்னாளாமா? வலிக்குது, கிலிக்குதுன்னு?"

அவன் அங்கே தனியாக இருக்கிறான். வேலைக்குப் போகவேண்டும், இரண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது.

"அந்தம்மா மராத்திடா" என்றேன். "மராத்தி வேற, நம்ம பாஷை வேற. மாயி பேசினதுல ஒரு வார்த்தைகூட அவங்களுக்குப் புரியலையாம்."

 "அப்ப சரி" என்றான். "நீ எப்படி இருக்கே?"

"பொரெம் ஆசா" என்றேன்.

புடவைக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்திருக்கிறேன். நாளை திங்கள், எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.